மாடி ஏறிய சம்புடம்

“எங்க அம்மா சம்புடம் எங்க?”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து மறுநாள் வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே பயிற்சி விமானம் ஒன்று ராஜகீழ்ப்பாக்கத்தை இரண்டாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் காது கேட்காதது போல இருந்துவிடலாம் என்று பார்த்தேன். விமானம் போய்விட்டது. கேள்வி போகவில்லை.

எட்டிப் பார்த்தேன். வசந்தி முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அலமாரியின் மேல்தட்டில் எப்போதும் மூன்று எவர்சில்வர் சம்புடங்கள் வரிசையாக இருக்கும். இப்போது இரண்டுதான் இருந்தன. நடுவில் வட்டமாக ஒரு காலி இடம். அதன் மேல் அவள் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

“எந்தச் சம்புடம்?” என்று கேட்டேன்.

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் நான் கேட்டிருக்கவே கூடாத கேள்விகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இதுவும் சேர்ந்தது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் மொட்டை மாடித் தக்காளிச் செடிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “உங்கள் மனைவியைப் பேசவே விடுவதில்லையே, ஏன்?” என்று வாசகி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அம்மா, இந்த வாரம் அவள்தான் பேசுகிறாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பெயர் வெட்டிய பாத்திரம்

அந்தச் சம்புடம் என் மாமியாருடையது. உள்ளங்கை அகலத்தில் கொஞ்சம் குள்ளமாக இருக்கும், மூடி இறுக்கமாகப் பிடிக்கும். பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக ‘R. காந்திமதி’ என்று வெட்டியிருக்கும். மேற்குத் தாம்பரத்துப் பாத்திரக் கடையில் அந்தக் காலத்தில் இயந்திரத்தை ‘கிர்ர்’ என்று ஓட்டிப் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பாத்திரம் கலந்துபோகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பாத்திரத்தின் சொந்தக்காரர் போன பிறகும் பெயர் மட்டும் அலமாரியில் மிச்சம் இருக்கும் என்று வெட்டியவர் நினைத்திருக்க மாட்டார்.

மாமியாரின் மற்ற பாத்திரங்களை எல்லாம் என் மைத்துனர்கள் பிரித்துக்கொண்டார்கள். வசந்தி இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினாள். வருடத்துக்கு ஒரு தடவை, புரட்டாசி அமாவாசைக்கு நாலு நாள் முன்பு, அம்மாவின் திதியன்று அது கீழே இறங்கும். அம்மாவுக்குப் பிடித்த ரவா லாடு செய்து அதில் போட்டுப் படத்துக்கு முன்னால் வைப்பாள். மறுநாள் கழுவித் துடைத்து மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவாள். நான் உட்பட யாரும் அதைத் தொடுவதில்லை.

யாரும் தொடுவதில்லை என்று எழுதிவிட்டேன். தொட்டேன். வசந்தி தேடிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு, பிள்ளையார் சதுர்த்தியன்று தொட்டேன். ஏன் தொட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் உலகத்தைக் கற்றுக்கொடுத்த விதம்

என் தொழில், அடுத்த நாட்டு மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுப்பது. குரோம்பேட்டையில் ஒரு பயிற்சி நிலையத்தின் மூன்றாவது மாடி. கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை அங்கே அனுப்புவார்கள். இரண்டு நாள் வகுப்பு. ‘உலகக் குடிமக்களாக வாழ்வோம்’ என்று தலைப்பு. மொத்தம் நாற்பத்திரண்டு ஸ்லைடு. ஜப்பான்காரர் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கு. ஜெர்மன்காரர் பத்து மணி என்றால் பத்து மணி. பதினேழாவது ஸ்லைடில், “வெளிநாட்டவரிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்காதீர்கள், அது அவர்கள் சொந்த விஷயம்” என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு கால் சென்டரில் உச்சரிப்புப் பயிற்சியாளராக இருந்தேன். அமெரிக்காவில் குளிர் அதிகமான ஒரு ஊரின் வாடிக்கையாளர்களோடு எங்கள் பிள்ளைகள் பேச வேண்டும். எனவே வாசலில் விழுந்த பனியை எந்த மாதிரி மண்வெட்டியால் தள்ளுவது என்று நான் அரை மணி நேரம் பாடம் நடத்துவேன். வெளியே சித்திரை வெயிலில் ஜி.எஸ்.டி. ரோடு உருகிக்கொண்டிருக்கும். நான் பார்த்த ஒரே பனி எங்கள் வீட்டு ஃப்ரீசரில் இருந்தது. அதையும் வசந்திதான் வழிப்பாள்.

ஒரு தடவை ஒரு பையன் எழுந்து, “சார், நீங்க எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கீங்க?” என்று கேட்டான்.

“பல நாட்டு மனிதர்களோடு பழகியிருக்கேன்” என்றேன்.

என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. பத்து வருடம் முடிந்ததும் புதுப்பிப்பேன். அதுவும் காலியாகவே முடியும். ஆனால் இரண்டு கையால் கார்டு கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்படிப்பட்ட என் வீட்டுக்கு நேர் மேல் வீட்டில் ஒரு கொரியத் தம்பதி குடிவந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! பார்க் என்பவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெரிய வேலை. காலை ஆறரைக்குக் கார் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். அவர் மனைவி நாள் முழுக்க வீட்டில். சுமார் நாற்பது வயது, மெல்லிய உருவம், படியில் பார்த்தால் தலை குனிந்து வணங்குவார். எங்கள் குடியிருப்பில் மொத்தம் எட்டு வீடு. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் அவரைக் ‘கொரியா மேடம்’ என்றார்கள். நான் ஒருவன்தான் முறையாக ‘மிஸஸ் பார்க்’ என்று அழைத்தேன். படித்தவன் இல்லையா?

போனால் போகட்டும் டப்பா

நம் வீடுகளில் பாத்திரங்களுக்கும் ஜாதகம் உண்டு. வெளியே போகும் பாத்திரம் வேறு, போகாத பாத்திரம் வேறு. ஸ்வீட் கடை பிளாஸ்டிக் டப்பாவும் ஐஸ்க்ரீம் டப்பாவும் ‘போனால் போகட்டும்’ ரகம். திரும்பி வந்தால் லாபம். அடுத்தது தினப்படி எவர்சில்வர். போய்விட்டு வரலாம், ஆனால் இரண்டு நாளில் மனசுக்குள் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். மேல்தட்டுப் பாத்திரம் வாசல் தாண்டாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்தவர் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்தால் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை. எங்கள் பழைய வீட்டின் எதிர்வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் வத்தக்குழம்பு கொடுத்திருந்தார். “ஏதாவது நல்லதா செஞ்சு போட்டுத் தரணும்” என்று வசந்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் வீடு மாறி நாலு வருடமாகிறது. கிண்ணம் எங்களோடு லாரியில் வந்து பரணில் இருக்கிறது.

பிள்ளையார் சதுர்த்தியன்று மேல் வீட்டுக்கு எட்டுக் கொழுக்கட்டையை வசந்தி ஒரு ஸ்வீட் கடை டப்பாவில் போட்டு மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். “மேல கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் டப்பாவைப் பார்த்தேன். மூடியில் பாதி கிழிந்த விலைச் சீட்டு. என் முப்பதாவது ஸ்லைடு கண் முன்னால் வந்தது: ‘கொரியர்களுக்குப் பரிசு கொடுக்கையில் அதை வைத்துக் கொடுக்கும் விதம் முக்கியம்.’

முக்காலியைப் போட்டு ஏறினேன். மூன்றில் எது பளபளப்பாக இருந்ததோ அதை எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

மாடி ஏறிப் போய் மணி அடித்து இரண்டு கையாலும் நீட்டினேன். மிஸஸ் பார்க் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு குனிந்தார். நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். அவர் அதற்கும் கீழே குனிந்தார். விடுவேனா? நிமிரும்போது அவர்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் முனை என் நெற்றியில் பட்டது. வலியைக் காட்டாமல் புன்னகையோடு இறங்கி வந்தேன். உலகக் குடிமகன் என்ற முறையில் அன்று எனக்கு ரொம்பத் திருப்தி.

கேட்கவும் முடியாது

விஷயம் தெரிந்ததும் வசந்தி முக்காலியிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஒரு வாரம் ஆச்சு. இன்னும் திரும்பி வரலையே” என்றாள்.

“போய்க் கேட்டுட்டு வரேன்.”

“கேக்கறதா? ஒரு டப்பாவுக்கு வந்து நிக்கறாங்கன்னு நினைக்க மாட்டாங்க? கொடுத்த பாத்திரத்தை யாராவது போய்க் கேப்பாங்களா?”

“அப்ப என்ன பண்றது?”

“உங்களுக்குத்தான் கொரியாவே தெரியுமே. நீங்க சொல்லுங்க.”

அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினைந்து வருடமாக வகுப்பெடுத்துப் பழகிய வாய். “அவங்க பண்பாட்டுல பாத்திரமும் பரிசோட சேர்த்திதான். திருப்பிக் கொடுத்தா பரிசை மறுத்த மாதிரி ஆயிடும்னு நினைப்பாங்க” என்றேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல். அந்த நிமிஷம், அந்தக் கூடத்தில் உற்பத்தியானது.

வசந்தியின் முகம் சுருங்கிவிட்டது. “அப்ப திரும்பி வரவே வராதா?” என்றாள்.

அடுத்த பதினைந்தாவது நாள் திதி.

நினைவூட்டல் பிரியாணி

பாத்திரத்தை நினைவுபடுத்த வசந்தியே ஒரு வழி கண்டுபிடித்தாள். இன்னொரு டப்பாவில் ஏதாவது கொடுத்து அனுப்பினால், அதைத் திருப்பும்போது இதுவும் ஞாபகம் வரும். காய்கறி பிரியாணி செய்து தினப்படி எவர்சில்வர் டப்பா ஒன்றில் போட்டு, இந்த முறை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மிஸஸ் பார்க் வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் ஏனோ வெளுத்துப்போனதாம்.

மூன்று நாளாயிற்று, ஒன்றும் வரவில்லை. எலுமிச்சை சாதம் அனுப்பினோம். அதுவும் போனதோடு சரி. இப்போது மேல் வீட்டில் எங்கள் பாத்திரம் மூன்று.

அது மட்டும் இல்லை. மிஸஸ் பார்க் எங்களைக் கண்டால் ஒளிய ஆரம்பித்தார். நான் படியேறும் சத்தம் கேட்டால் மேலே ஒரு கதவு சாத்திக்கொள்ளும். ஒருநாள் கீழே காய்கறி வண்டிக்காரரிடம் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டோம். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்து, நாலு தடவை குனிந்துவிட்டு, எடுத்த வெண்டைக்காயைக்கூட வாங்காமல் மாடிக்கு ஓடிவிட்டார்.

“குத்த உணர்ச்சி” என்றேன் வசந்தியிடம்.

“என்னத்துக்கு? பாத்திரம் வேணும்னா வெச்சுக்கட்டும். மத்த ரெண்டையும் வெச்சுக்கட்டும். அந்த ஒண்ணு மட்டும் போதும் எனக்கு” என்றாள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு அப்போது என் முப்பதாவது ஸ்லைடைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. கம்ப்யூட்டரில் இருப்பதை எப்படிக் கிழிப்பது?

மறுநாள் வகுப்பில் பெயர் சொல்லாமல் இதை ஒரு கேள்வியாகப் போட்டேன். “தமிழ்க் குடும்பம் ஒன்று. கொரியக் குடும்பம் ஒன்று. கொடுத்த பாத்திரம் திரும்பவில்லை. என்ன செய்வீர்கள்?”

“நேராப் போய்க் கேப்பேன் சார்” என்றாள் பின் வரிசைப் பெண் ஒருத்தி.

“தப்பு. கொரியர்கள் எதையும் நேராகச் சொல்லாத பண்பாட்டுக்காரர்கள். குறிப்பால்தான் உணர்த்துவார்கள். கேட்டால் புண்படும்.”

“தமிழ்க் குடும்பம் ஏன் சார் கேக்கல?”

“நாமும் அப்படித்தானே.”

“அப்ப ரெண்டு பேருமே வாயைத் திறக்க மாட்டாங்க. யாருதான் சார் கேப்பாங்க?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. தேநீர் இடைவேளையைப் பத்து நிமிடம் முன்னதாகவே விட்டுவிட்டேன்.

வெள்ளைத் துணியின் மேல்

திதிக்கு மூன்று நாள் இருக்கையில், தண்ணீர்த் தொட்டி கழுவுகிற விஷயமாகப் பேச வேண்டும் என்று ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு இருவரும் மேலே போனோம். மிஸஸ் பார்க்குக்கு வேறு வழியில்லை, உள்ளே கூப்பிட்டார். வறுத்த பார்லி போட்ட தேநீர் கொடுத்தார்.

அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் எங்கள் மூன்று பாத்திரங்களும் வரிசையாக இருந்தன. கழுவித் துடைத்துக் கொலுவில் வைத்த மாதிரி இருந்தன. நடுவில் காந்திமதி. எங்கள் வீட்டில்கூட அது அத்தனை பளபளப்பாக இருந்ததில்லை.

வசந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டினால் எட்டும். மிஸஸ் பார்க், வசந்தி பார்ப்பதைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்து, எழுந்துபோய், துணியின் ஓரத்தைத் தூக்கி மூன்றையும் மூடினார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். வசந்தியும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். நடுவில் உட்கார்ந்திருந்த நிபுணர், தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு இறங்கி வந்தோம். “மூடி வெக்கறாங்க பாருங்க. கொடுக்கவே மாட்டாங்க” என்றாள் வசந்தி. படியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

செல்வி சொன்னது

திதிக்கு முதல் நாள் காலை. வசந்தி ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு முன்னால் வைக்க ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் போய் நின்றாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்வி திரும்பிப் பார்த்தாள். செல்வி பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவள். ரெண்டு பஸ் மாறி வந்து, எங்கள் வீட்டிலும் மேல் வீட்டிலும் வேலை செய்கிறாள்.

“இன்னாக்கா, எதுக்கு இப்ப அயுவுற?”

வசந்தி சொன்னாள். செல்வி குழாயை மூடினாள்.

“அந்தக் குள்ள டப்பாவா? அது மேல பத்திரமா கீதுக்கா. அந்தம்மா தெனம் அத்தத் தொடைச்சு வெச்சுகினு உன்னிய மாதிரியே தான் அயுவுது.”

“அவங்க ஏன் அழணும்?”

“இன்னா பண்ணும் பாவம்? அவுங்க ஊர்ல டப்பாவ காலியா திருப்பிக் குடுக்கக் கூடாதாம். எதுனா போட்டுத்தான் குடுக்கணுமாம். நீங்க கறி மீனு துன்ன மாட்டீங்கன்னு நான்தான் சொன்னேன். அது செய்யறது எல்லாத்துலயும் ஒரு மீனு தண்ணிய ஊத்துது. அத்த ஊத்தாம ரெண்டு வாட்டி செஞ்சு பாத்துது. வாயில வெக்க முடியலன்னு அதுவே கொட்டிருச்சு. ஆப்பிள வாங்கிப் போட்டுக் குடும்மான்னேன். கடையில வாங்குனது மருவாதி இல்லியாம், கையால செஞ்சதுதான் வெக்கணுமாம். இதுல நீங்க வேற டப்பா மேல டப்பா அனுப்பிக்கினே கீறீங்க. ஒரே பேஜாரா பூட்ச்சு அதுக்கு.”

நான் வசந்தியைப் பார்த்தேன். வசந்தி பரணைப் பார்த்தாள். அங்கே எதிர்வீட்டு அம்மாவின் வத்தக்குழம்புக் கிண்ணம், நாலு வருடத் தூசியோடு, ஒரு நல்ல பலகாரத்துக்காகக் காத்திருந்தது.

“நாமளும் அதேதானே பண்றோம்” என்றாள் மெதுவாக.

கொரியாவுக்கும் நமக்கும் எதிலெதில் வித்தியாசம் என்று நான் ஒரு மணி நேரம் பேசுவேன். ஒன்றாகவே இருந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் ஸ்லைடு கிடையாது.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? அவங்க என்ன பாஷையில சொன்னாங்க?” என்று செல்வியைக் கேட்டேன்.

“அது கொரியாவுல பேசும், நான் தமிழ்ல பேசுவேன். ரொம்பப் புரியலன்னா போன்ல சொல்லும், போனு செய்தி வாசிக்கிறாப்ல தமிழ்ல சொல்லும். தெனம் நான் போனதும் ‘சாப்டாச்சா?’ன்னு கேக்கும். அவுங்க ஊர்லயும் ஆளப் பாத்தா மொதல்ல அத்தான் கேப்பாங்களாம்.”

என் பதினேழாவது ஸ்லைடின் சிவப்பு எழுத்து என் காதில் ஏறியது.

“முன்னாடியே எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே செல்வி!”

“என்னிய யாரு கேட்டீங்க சார்? நீங்களும் அந்தம்மாவும் இங்கிலீஸ்ல பேசிக்கினீங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்தேன்.”

ஒரு பிடி சர்க்கரை

வசந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வா செல்வி” என்றாள்.

“இரு இரு, எப்படி ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன்…” என்று எழுந்தேன்.

“நீங்க வந்தா வாசல்லயே நில்லுங்க. வாயைத் திறக்கக் கூடாது.”

வாசலிலேயே நின்றேன். செருப்பு ஸ்டாண்டிலிருந்து இரண்டடி தள்ளி.

மிஸஸ் பார்க் கதவைத் திறந்து எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார். வசந்தி நேராக உள்ளே போய், மேஜையிலிருந்த வெள்ளைத் துணியை விலக்கினாள். காந்திமதியை எடுத்தாள். எடுத்ததும் ஒரு நொடி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு, வந்த வேலை ஞாபகம் வந்து, மூடியைத் திறந்து காலிச் சம்புடத்தை மிஸஸ் பார்க்கிடம் காட்டினாள். அவர் இரண்டு கையையும் விரித்து, என்ன செய்வேன் என்பது போலத் தலையை ஆட்டினார். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

வசந்தி சமையலறைக்குள் போனாள். அடுத்தவர் சமையலறைக்குள் கேட்காமல் போகக் கூடாது என்று இருபத்திரண்டாவது ஸ்லைடு சொல்கிறது. எந்த ஜாடியில் என்ன இருக்கிறது என்று செல்விக்குத்தான் தெரியும். அவள் எடுத்துக் கொடுத்தாள். வசந்தி சர்க்கரை ஜாடியைக் காட்டினாள், சம்புடத்தைக் காட்டினாள், கையை ஒரு பிடியாக மடக்கிக் காட்டினாள்.

“எங்க ஊர்ல இது போதும்” என்றாள் தமிழில். “இவ்ளோ போதும். இதுக்குப் போயி…”

மிஸஸ் பார்க் ஜாடியைப் பார்த்தார். சம்புடத்தைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். செல்வி, “அவ்ளோதாம்மா, போடு” என்று தலையாட்டினாள்.

முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வசந்தியும் உட்கார்ந்து சிரித்தாள். மூன்று வாரம் இரண்டு பெண்களும் ஒரு பிடி சர்க்கரைக்காகத் தவித்திருக்கிறார்கள். வாசலில் நின்ற எனக்கும் சிரிப்பு வந்தது. உத்தரவு இல்லாததால் அடக்கிக்கொண்டேன்.

பிடி என்று சொன்னாலும் அவர் கேட்கவில்லை. சம்புடம் தளும்பத் தளும்பச் சர்க்கரையைக் கொட்டி மூடினார். மற்ற இரண்டிலும் அப்படியே. எங்கள் இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு என்பதை அந்த நேரத்தில் யாரும் சொல்லவில்லை.

இரண்டு கையாலும் சம்புடத்தை நீட்டும்போதுதான் அவர் விரல் அந்தப் புள்ளி எழுத்துகளின் மேல் நின்றது. இது என்ன என்று கண்ணால் கேட்டார்.

“காந்திமதி” என்றாள் வசந்தி. “எங்க அம்மா. அம்மா.”

அம்மா என்ற சொல்லுக்குச் செல்வி சொன்ன அந்தப் போன் தேவைப்படவில்லை. மிஸஸ் பார்க் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “காந்… தி… மதி.”

வசந்தி அம்மா என்பாள், நான் அத்தை என்பேன். அந்தப் பெயரைப் பெயராகவே சொல்லி ஒருவர் கூப்பிட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “யூன்-ஹீ” என்றார்.

“அதான் அவுங்க பேரு. மிஸஸ் பார்க்குன்னு கூப்புடறது அவுங்க வூட்டுக்காரர் பேரு சார்” என்று செல்வி வாசல் பக்கம் திரும்பி எனக்கு மட்டும் சொன்னாள். கொரியாவில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தங்கள் பெயரையே வைத்துக்கொள்வார்கள் என்பது என் முப்பத்தொன்றாவது ஸ்லைடு. நானே எழுதியது.

இப்போது என் வகுப்பில் நாற்பது ஸ்லைடுதான். இரண்டு நாளும் முதல் வேலையாகப் பிள்ளைகளை ஒருவரையொருவர் பெயர் கேட்கச் சொல்கிறேன், சாப்பிட்டாச்சா என்றும் கேட்கச் சொல்கிறேன். ‘இதைச் சொல்லிக்கொடுக்க நீங்கதான் சரியான ஆள்!’ என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

மறுநாள் ரவா லாடு அந்தச் சர்க்கரையில்தான் செய்தாள். காந்திமதி சம்புடம் படத்துக்கு முன்னால் அதன் இடத்தில் இருந்தது. எல்லாம் முடிந்து, சாயங்காலம் அதை அவள் கழுவுவாள், நான் முக்காலி போட்டு மேல்தட்டில் வைக்க வேண்டியிருக்கும் என்று காத்திருந்தேன்.

கழுவினாள். துடைத்தாள். திரும்ப அதிலேயே ஆறு லாடை அடுக்கி, மூடியை அழுத்தி, என் கையில் கொடுத்தாள்.

“மேல கொடுத்துட்டு வாங்க.”

“இதுலயா?” என்றேன். “பிளாஸ்டிக் டப்பா இருக்கே!”

“இதுலதான்.”

“மறுபடியும் திரும்பி வரலைன்னா?”

வசந்தி படத்தைப் பார்த்தாள்.

“தாம்பரத்தையும், ஒரே ஒரு தடவை திருப்பதியையும் தவிர அம்மா எந்த ஊரையும் பார்த்ததில்ல. கொரியாவாவது போயிட்டு வரட்டும்.”

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.